சிட்டிங் செனட்டரை எதிர்த்து மாஜி கவர்னர் இறங்கினால் என்ன நடக்கும் தெரியுமா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்கு செனட் சபையில் இரண்டு இடங்கள். அவற்றில் ஒன்றில் 1989 ஜனவரியிலிருந்து இன்றுவரை உட்கார்ந்தவர்கள் மொத்தம் நான்கே பேர்: சக் ராப், ஜார்ஜ் ஆலன், ஜிம் வெப், டிம் கெய்ன். இந்த நால்வரில் மூன்று பேர் அதே மாநிலத்தில் கவர்னராக இருந்துவிட்டு வந்தவர்கள் தெரியுமா? இன்னும் கேளுங்கள். பதவியில் இருந்த ராப்பை 2000ல் ஆலன் வீழ்த்தினார். அதே ஆலனை 2012ல் கெய்ன் வீழ்த்தினார். மூவரும் ஒரே மாளிகையில் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தவர்கள். மூவரும் ஒரே நாற்காலிக்காக மோதியவர்கள்!

அமெரிக்க கவர்னர் என்றதும், டெல்லியிலிருந்து நியமித்து அனுப்பும் ஆளுநரை நினைத்துவிடக் கூடாது. அங்கே கவர்னரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில பட்ஜெட், பள்ளிக்கூடம், சாலை, சிறை, வெள்ள நிவாரணம் எல்லாம் அவர் தலையில்தான். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்குச் சமம். செனட்டரோ வாஷிங்டனில் உட்கார்ந்து நாட்டுக்கே சட்டம் போடுகிறவர். மாநிலத்துக்கு இரண்டு பேர் வீதம் மொத்தம் 100 பேர், ஒவ்வொருவருக்கும் 6 ஆண்டு. செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது 1913ல் வந்த 17வது அரசியல் சட்டத் திருத்தம்தான். அதற்கு முன்பு மாநில சட்டமன்றங்கள்தான் அவர்களை அனுப்பி வைத்தன. ஆக, நாம் பேசப்போகும் மோதல்களுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். அந்தச் சொச்சத்துக்குள் நடந்திருக்கும் அதிசயங்களைப் பாருங்கள்.

வர்ஜீனியாவில் மட்டும் ஏன் இத்தனை மாஜி கவர்னர்கள்? அந்த மாநிலத்தில் ஒரு கவர்னர் தொடர்ந்து இரண்டாவது முறை போட்டியிடவே முடியாது! அமெரிக்காவின் 50 மாநிலங்களில் இப்படிக் கட்டுப்பாடு வைத்திருப்பது இன்று வர்ஜீனியா ஒன்றுதான். பிரிட்டிஷ் மன்னர் அனுப்பிய கவர்னர்களிடம் பட்ட பாட்டால், 1776ல் தனக்கென முதல் அரசியல் சட்டம் எழுதியபோதே கவர்னரின் கையைக் கட்டிப்போட்ட மாநிலம் அது. விளைவு? எவ்வளவு செல்வாக்கோடு ஆண்டாலும் நான்கே ஆண்டில் வீட்டுக்குப் போக வேண்டும். வயது இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆள் பலம் இருக்கிறது, பதவி இல்லை. அப்படிப்பட்டவரின் கண் எங்கே போகும்? ஆலன், கில்மோர், மார்க் வார்னர், கெய்ன் என வரிசையாக நான்கு கவர்னர்கள் செனட் தேர்தலில் குதித்தார்கள். 2008ல் வார்னரும் கில்மோரும் மோதினார்கள். 2012ல் கெய்னும் ஆலனும் மோதினார்கள். இன்று வர்ஜீனியாவின் இரண்டு செனட்டர்களுமே மாஜி கவர்னர்கள்!

சக் ராப்பின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். இது சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்களே யோசிக்கும் கதை. கடற்படைக் காலாட்படையான மரைன் படையின் இளம் அதிகாரி அவர். வெள்ளை மாளிகை விழாக்களில் பணிக்குப் போன இடத்தில் அதிபர் லிண்டன் ஜான்சனின் மகள் லிண்டாவைச் சந்தித்தார். 1967 டிசம்பர் 9 அன்று வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் கல்யாணம். அதிபரின் மாப்பிள்ளை! ஆனால் சில மாதங்களிலேயே வியட்நாம் போர்முனைக்குக் கிளம்பினார். கர்ப்பிணியான லிண்டா கலிஃபோர்னியாவில் கணவரை வழியனுப்பிவிட்டு, இரவெல்லாம் விமானத்தில் பறந்து, 1968 மார்ச் 31 அதிகாலையில் வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தார். என் கணவர் ஏன் அந்தப் போருக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். அன்று இரவு அந்த அப்பா தொலைக்காட்சியில் தோன்றி, அடுத்த அதிபர் தேர்தலில் தான் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார் தெரியுமா? அந்த முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே நாளில், காலையில் அந்தக் கேள்வியும் இரவில் இந்த அறிவிப்பும் நடந்திருக்கின்றன.

போரிலிருந்து உயிரோடு திரும்பிய ராப் 1981ல் வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் வென்றார். 12 ஆண்டுகளாகக் கவர்னர் மாளிகையை இழந்திருந்த ஜனநாயகக் கட்சிக்கு அதை மீட்டுக் கொடுத்தவர் அவர்தான். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு முதல் கறுப்பின நீதிபதியை நியமித்தவரும் அவரே. 1988ல் செனட் தேர்தல் வந்தபோது, பதவியில் இருந்த குடியரசுக் கட்சி செனட்டர் பால் ட்ரிபிள் மறுபடி நிற்கவே இல்லை. ராப் வருகிறார் என்ற பேச்சு ஊரெல்லாம் பலமாக இருந்த நேரம் அது. ராப் 71 சதவீத ஓட்டில் ஜெயித்தார். மாஜி கவர்னர் களத்துக்கு வரும் முன்பே சிட்டிங் செனட்டர் இடத்தைக் காலி செய்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆறு ஆண்டு கழித்து சக்கரம் சுற்றியது. 1994ல் ராப்பை எதிர்த்து வந்தவர் யார் தெரியுமா? ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை நிகரகுவா கலகக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரத்தில் உலகப் புகழ் பெற்ற ஆலிவர் நார்த்! போதாக்குறைக்கு இன்னொரு மாஜி கவர்னரும் சுயேச்சையாகக் கிளம்பினார். அவர்தான் டக்ளஸ் வைல்டர், அமெரிக்காவில் மக்கள் ஓட்டால் கவர்னரான முதல் கறுப்பினத்தவர். ராப்பும் அவரும் ஒரே கட்சிக்காரர்கள், ஆனால் பல ஆண்டுப் பகையாளிகள். செப்டம்பரில் வைல்டர் விலகி, கடைசியில் ராப்புக்கே ஆதரவு கொடுத்தார். எதிர்முகாமிலும் கலகம்தான். வர்ஜீனியாவின் இன்னொரு செனட்டரான ஜான் வார்னர், நார்த் தன் சொந்தக் கட்சி வேட்பாளர் என்று தெரிந்தும் அவரை ஆதரிக்க மறுத்து, மார்ஷல் கோல்மன் என்ற சுயேச்சைக்குத் துணை நின்றார். ராப் 45.6 சதவீதத்தில் கரை சேர்ந்தார். 71 எங்கே, 45 எங்கே!

இப்போது 2000. எதிரே ஜார்ஜ் ஆலன். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புகழ்பெற்ற பயிற்சியாளராக இருந்தவரின் மகன். அப்பா பெயரும் ஜார்ஜ் ஆலன்தான். காலில் கௌபாய் பூட்ஸ், பேச்சில் விளையாட்டு மைதானத்து வார்த்தைகள், பிரசாரக் கூட்டத்தில் கூட்டத்தை நோக்கிக் கால்பந்தை வீசிப்பிடித்து விளையாடும் உற்சாகம். 1993 கவர்னர் தேர்தலில் ஒரு கட்டத்தில் 29 புள்ளி பின்தங்கியிருந்தவர், கடைசியில் 17 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார் என்றால் நம்புவீர்களா? சிறைக் கைதிகளுக்குத் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை தரும் பரோல் முறையை வர்ஜீனியாவில் ஒழித்தவர் அவர். பதவிக்காலம் முடிந்து 1998ல் வெளியேறியபோது செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. சட்டம் தடுக்காவிட்டால் மறுபடி நின்று ஜெயித்திருப்பார்.

ராப் அமைதியான மனிதர். மேடையில் கூட்டத்தைக் கிறங்கடிக்கத் தெரியாதவர். ஆனால் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுகிறவர். திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டும்தான் என்று 1996ல் வந்த சட்டத்தை 100 செனட்டர்களில் எதிர்த்தவர்கள் 14 பேர். அவர்களில் ராப்பும் ஒருவர். பழமையில் ஊறிய தென்மாநிலம் ஒன்றிலிருந்து போய் அப்படி ஓட்டுப் போட என்ன துணிச்சல் வேண்டும்! தேசியக் கொடியை எரிப்பதற்குத் தடை விதிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தையும் எதிர்த்தார். போரில் வீரப் பதக்கம் வாங்கிய மனிதர் அவர், அதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஓட்டுகள் தனக்கு என்ன விலை வைக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

முடிவு: ஆலன் 52.3, ராப் 47.7 சதவீதம். அதே நாள் அதே மாநிலத்தில் அதிபர் தேர்தலில் அல் கோர் வாங்கியது சுமார் 44 சதவீதம்தான். அதாவது, தோற்ற ராப் தன் கட்சியின் அதிபர் வேட்பாளரைவிட அதிக ஓட்டு வாங்கித் தோற்றிருக்கிறார்! என்னைக் கேட்டால், அவர் விழுந்ததைவிட இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்ததுதான் பெரிய விஷயம்.

அந்த ஒரு தோல்வியின் கனம் எவ்வளவு தெரியுமா? அந்த ஆண்டு நாடு முழுவதும் தோற்ற ஒரே ஜனநாயகக் கட்சி சிட்டிங் செனட்டர் ராப்தான். குடியரசுக் கட்சியில் ஐந்து சிட்டிங் செனட்டர்கள் மண்ணைக் கவ்வினார்கள். எல்லாம் கூட்டிக் கழித்தால் செனட் 50க்கு 50! ராப் மட்டும் பிழைத்திருந்தால் 51க்கு 49 என்று சபையே ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்திருக்கும். அவர் போனதால் சமநிலை. சமநிலை என்பதால் துணை அதிபர் டிக் செனியின் ஓட்டு. அந்த ஓட்டால் குழுத் தலைவர் பதவிகள் எல்லாம் குடியரசுக் கட்சிக்கு. வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதால் 2001 ஜூனில் அந்தக் கணக்கு தலைகீழானது தனிக்கதை.

அதே இரவில் மிசௌரி மாநிலத்தில் நடந்தது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். அங்கே சிட்டிங் செனட்டர் ஜான் ஆஷ்கிராஃப்ட். அவரே ஒரு மாஜி கவர்னர். அவருக்குப் பின் கவர்னரான மெல் கார்னகன் அவரை எதிர்த்து நின்றார். ஆஷ்கிராஃப்ட் கவர்னராக இருந்த காலத்தில் துணை கவர்னராக இருந்தவரும் இதே கார்னகன்தான். வேறு வேறு கட்சி என்பதால் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. இழுபறிப் போட்டி. 2000 அக்டோபர் 16, மழை இரவு. பிரசாரத்துக்குப் பறந்த சிறிய விமானம் விழுந்து நொறுங்கியது. கார்னகனும், விமானத்தை ஓட்டிய அவருடைய மகனும், உதவியாளர் ஒருவரும் இறந்துபோனார்கள்.

தேர்தலுக்கு இருந்தது 22 நாள். வாக்குச்சீட்டில் பெயரை மாற்றச் சட்டப்படி காலம் கடந்துவிட்டது. இறந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. அவர் ஜெயித்தால் அவருடைய மனைவி ஜீனை அந்த இடத்துக்கு நியமிப்பேன் என்று கவர்னர் பொறுப்பை ஏற்ற ரோஜர் வில்சன் அறிவித்தார். கணவனையும் மகனையும் ஒரே இரவில் பறிகொடுத்த ஜீன் அதற்குச் சம்மதித்தார். அனுதாப அலையை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். ஆனால் இறந்தவரே ஓட்டுச்சீட்டில் நின்று, உயிரோடு இருந்த செனட்டரை சுமார் 2 புள்ளி வித்தியாசத்தில் வென்றதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வழக்குப் போட்டிருக்கலாம். ஆஷ்கிராஃப்ட் போடவில்லை, தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொண்டார். மிசௌரியின் முதல் பெண் செனட்டரானார் ஜீன் கார்னகன். தோற்ற ஆஷ்கிராஃப்ட்டை சில வாரங்களில் ஜார்ஜ் புஷ் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக்கினார்.

மறுபடி ஆலனுக்கு வருவோம். 2006. இப்போது அவர்தான் சிட்டிங் செனட்டர். 2008 அதிபர் தேர்தலுக்கே அவர் பெயர் அடிபட்ட நேரம். ஆகஸ்ட் 11, கென்டக்கி எல்லையை ஒட்டிய பிரேக்ஸ் என்ற மலைப்பகுதியில் ஒரு பிரசாரக் கூட்டம். எதிர்த்து நின்ற ஜிம் வெப் தரப்பு இளைஞர் ஒருவர் கையில் கேமராவோடு கூட்டத்தில் நின்று படம்பிடித்துக்கொண்டிருந்தார். இந்திய வம்சாவளி மாணவர். ஆலன் அவரை நோக்கிக் கையை நீட்டி, குரங்கினத்தின் பெயரை ஒத்த ஒரு சொல்லால் அழைத்தார், ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கூடவே, அமெரிக்காவுக்கு வரவேற்கிறேன் என்றும் சொன்னார். அந்த இளைஞர் பிறந்ததே வர்ஜீனியாவில்தான்! ஆலன்தான் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். சொன்னதெல்லாம் எங்கே பதிவானது? அந்த இளைஞரின் கையிலிருந்த அதே கேமராவில்!

யூடியூப் பிறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. காட்சி நாடெங்கும் பரவியது. ஆலன் மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. ஈராக்கில் பணியாற்றும் மகனின் பூட்ஸை அணிந்தபடி ஊர் ஊராகப் பிரசாரம் செய்த வெப், 23 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் 9,329 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். நவம்பர் 9 அன்று ஆலன் தோல்வியை ஒப்புக்கொண்டபோதுதான் செனட் 51க்கு 49 என ஜனநாயகக் கட்சியின் கைக்கு மாறியது உறுதியானது. 2000ல் செனட்டைச் சமநிலைக்குக் கொண்டுபோன அதே நாற்காலி, 2006ல் செனட்டையே கைமாற்றியது தெரியுமா? ஒரு இந்திய முகத்தைக் கேலி செய்த சில நொடிகள் அதில் பெரும் பங்கு வகித்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆகஸ்ட் 11 என்ற தேதியிலேயே ஏதோ இருக்கிறது போலும்! 1938ல் அதே ஆகஸ்ட் 11 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பார்ன்ஸ்வில் என்ற சிற்றூரில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மேடையேறினார். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் திட்டத்தின் தொடக்க விழா. மேடையில் சொந்தக் கட்சி செனட்டர் வால்டர் ஜார்ஜும் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரிலேயே, கூடியிருந்த மக்கள் முன்னால், எனக்கு இந்த மாநிலத்தில் ஓட்டு இருந்தால் இவருக்குப் போட மாட்டேன், லாரன்ஸ் கேம்ப்புக்குத்தான் போடுவேன் என்று போட்டு உடைத்தார் அதிபர்! ரூஸ்வெல்ட்டின் திட்டங்களுக்கு முட்டுக்கட்டை போட்டவர் ஜார்ஜ். ஆனால் பேச்சு முடிந்ததும் அவர் எழுந்து வந்து அதிபரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தச் சவாலை ஏற்கிறேன் என்றார்.

அந்தக் களத்தில் மூன்றாவதாக நின்றவர் மாஜி கவர்னர் யூஜீன் டால்மேட்ஜ். சிவப்பு நிறத் தோள்பட்டை வார்தான் அவருடைய அடையாளம், கிராமத்து விவசாயிகளின் தனிப்பெரும் நாயகன். கறுப்பின மக்களுக்கு எதிரான வெறுப்பை மூலதனமாக்கியவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது ஜார்ஜியாவில் ஓட்டு எண்ணிக்கை விநோதமானது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 6, 4 அல்லது 2 என்று அலகு ஓட்டுகள். மூன்று சின்னஞ்சிறு மாவட்டங்களை வென்றால் பெருநகரம் ஒன்றை வென்றதற்குச் சமம்! 1963ல்தான் உச்ச நீதிமன்றம் இந்த முறைக்கு முடிவு கட்டியது. இவ்வளவு சாதகம் இருந்தும் டால்மேட்ஜ் இரண்டாவது இடம்தான். அதிபரின் ஆள் கேம்ப் மூன்றாவது. ஜெயித்தது செனட்டர் ஜார்ஜ்!

பாதிக் கதைதான் இது. 18 ஆண்டு கழித்து, 1956ல், அதே வால்டர் ஜார்ஜ் மறுபடி போட்டியிடாமல் ஒதுங்கினார். எதிர்த்து வரக் காத்திருந்தவர் யார் தெரியுமா? இன்னொரு மாஜி கவர்னர், யூஜீன் டால்மேட்ஜின் மகன் ஹெர்மன் டால்மேட்ஜ்! அப்பாவால் முடியாததை மகன் களமிறங்கும் முன்பே சாதித்தார்.

அதே 1938ல் கென்டக்கியில் செனட்டர் ஆல்பன் பார்க்லியை எதிர்த்து, பதவியில் இருந்த கவர்னர் ஹேப்பி சாண்ட்லர் நின்றார். பிரசாரத்தின் நடுவே உடம்பு சரியில்லாமல் படுத்தவர், எனக்குக் கொடுத்த ஐஸ் தண்ணீரில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றார்! ஜெயித்தது பார்க்லி. அந்தத் தேர்தலில் அரசு வேலைத்திட்ட ஊழியர்களை ஓட்டு வேட்டைக்குப் பயன்படுத்தியதாகக் கிளம்பிய புகார்தான், அரசு ஊழியர்கள் கட்சி வேலை பார்ப்பதற்குத் தடை போட்ட 1939 ஹாட்ச் சட்டத்துக்குப் பெரிய தூண்டுகோல். சாண்ட்லர் மறு ஆண்டே வேறொரு செனட்டர் இறந்ததால் காலியான இடத்துக்கு வந்துவிட்டார். எப்படி? கவர்னர் பதவியை ராஜினாமா செய்தார், அடுத்து கவர்னரான துணை கவர்னர் அவரையே செனட்டராக நியமித்தார்! இப்படித் தன்னைத் தானே செனட்டுக்கு அனுப்பிக்கொண்ட கவர்னர்கள் அமெரிக்க வரலாற்றில் 9 பேர். பிறகு மக்களிடம் போய் ஜெயித்தவர் சாண்ட்லர் ஒருவர் மட்டுமே.

இந்த வகைப் போட்டி என்னை இவ்வளவு கவர்வதற்குக் காரணம் ஒன்றுதான். சாதாரணத் தேர்தலில் ஒருவர் வாக்குறுதி கொடுப்பார், ஒருவர் சாதனை சொல்வார். இங்கே இரண்டு பேரையும் மக்கள் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இருவரிடமும் சம்பளம் கொடுத்து வேலை வாங்கிய முதலாளி, ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எப்படித் திண்டாடுவாரோ அப்படி வாக்காளர் திண்டாடுகிறார்.

கொலராடோ மாநிலத்தில் அது அச்சு அசலாக நடந்தது. 2014 நவம்பரில் ஒரே வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஹிக்கன்லூப்பரைக் கவர்னராகவும், குடியரசுக் கட்சியின் கோரி கார்ட்னரை செனட்டராகவும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2020ல், அந்த இருவரும் ஒரே இடத்துக்கு நேருக்கு நேர்! ஹிக்கன்லூப்பர் யார் தெரியுமா? மண்ணியல் படித்து எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்து, 1980களின் மந்தத்தில் வேலை இழந்து, 1988ல் டென்வர் நகரில் சொந்தமாகப் பீர் வடித்து விற்கும் உணவகம் தொடங்கியவர். எதிராளியைத் திட்டும் விளம்பரங்களைப் பார்த்தாலே குளிக்கத் தோன்றுகிறது என்று சொல்லி, 2010ல் கோட்டு சூட்டோடு ஷவருக்குக் கீழே நின்று விளம்பரம் எடுத்தவர். ஒரு உடை நனைகிறது, அடுத்த காட்சியில் இன்னொரு உடை நனைகிறது, மனிதர் பேசிக்கொண்டே இருக்கிறார்!

2020ல் அவருக்கும் சறுக்கல் இருந்தது. கவர்னராக இருந்தபோது விமானப் பயணம் உள்ளிட்ட பரிசுகளை ஏற்ற விவகாரத்தில், மாநில நெறிமுறை ஆணையம் 2,750 டாலர் அபராதம் விதித்தது. ஆனாலும் சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021 ஜனவரியில் ஜார்ஜியா மறுவாக்குப்பதிவும் முடிந்தபோது செனட் மறுபடி 50க்கு 50! இந்த முறை சமநிலையை உடைக்க வேண்டிய துணை அதிபர் யார்? தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் கமலா ஹாரிஸ். அவர் துணை அதிபராக இருந்தபடி 33 முறை சமநிலையை உடைத்தார். அமெரிக்க வரலாற்றிலேயே அதுதான் உச்சம். 31 முறை உடைத்த ஜான் கால்ஹூனின் சாதனை ஏறத்தாழ 190 ஆண்டு நிலைத்திருந்தது. கொலராடோவில் கார்ட்னர் தப்பித்திருந்தால் 50 என்ற எண்ணே வந்திருக்காது.

மாஜி கவர்னர் என்றால் வெற்றி உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒஹையோவின் டெட் ஸ்ட்ரிக்லண்ட் 2016ல் செனட்டர் ராப் போர்ட்மனிடம் 20 புள்ளிக்கு மேல் தோற்றார். பதவியில் இருக்கும் கவர்னர்கள் சிலருக்கும் இதே கதிதான். மாசசூசெட்ஸ் கவர்னர் வில்லியம் வெல்ட் 1994ல் 71 சதவீத ஓட்டில் ஜெயித்தவர். 1996 கோடையில் நதிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு உடுத்திய உடையோடு சார்ல்ஸ் நதியில் குதித்துக் காட்டியவர். ஜான் கெர்ரியிடம் எட்டு விவாதங்களில் மோதியும் அந்த நவம்பரில் தோற்றார். மொன்டானாவில் ஸ்டீவ் புல்லக் 2016ல் டிரம்ப் அலையை மீறிக் கவர்னராக ஜெயித்தவர். 2020ல் செனட்டர் ஸ்டீவ் டெய்ன்ஸிடம் 10 புள்ளியில் விழுந்தார். கட்சி பார்க்காமல் ஆளைப் பார்த்துக் குத்தும் ஓட்டு அமெரிக்காவில் வேகமாகக் குறைந்துவருகிறது. அந்த மாற்றம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த மோதலைத் திருவிழாவாகவே கொண்டாடும் குட்டி மாநிலம் ஒன்று உண்டு. நியூ ஹாம்ப்ஷயர்! கவர்னருக்கு இரண்டே ஆண்டுதான் பதவிக்காலம். சட்டமன்றக் கீழவையில் 400 உறுப்பினர்கள், ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் 100 டாலர். ஆமாம், 100 டாலர்தான்! 2002ல் கவர்னராக இருந்த ஜீன் ஷஹீன் செனட் தேர்தலில் நின்று, ஜான் இ. சுனுனுவிடம் சுமார் 4 புள்ளியில் தோற்றார். சுனுனுவின் அப்பாவும் மாஜி கவர்னர். அந்தத் தேர்தல் நாளில், வாக்காளர்களைச் சாவடிக்கு அழைத்துப்போக ஜனநாயகக் கட்சி வைத்திருந்த தொலைபேசிகளுக்கு ஓயாமல் அழைப்பு வரவைத்து முடக்கிவிட்டார்கள். குடியரசுக் கட்சியின் செயல்வீரர்கள் செய்த வேலை அது, சிலர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சுனுனு மீது குற்றச்சாட்டு இல்லை.

2008ல் மறுஆட்டம்! இப்போது சுனுனு சிட்டிங் செனட்டர், ஷஹீன் மாஜி கவர்னர். 51.6 சதவீதத்தில் ஷஹீன் ஜெயித்தார். மக்கள் ஓட்டால் கவர்னராகவும் செனட்டராகவும் ஆன முதல் பெண் அமெரிக்க வரலாற்றில் அவர்தான் தெரியுமா? இரண்டாவது பெண் யார்? அவரும் அதே நியூ ஹாம்ப்ஷயர்தான்! பெயர் மேகி ஹாசன். கவர்னராக இருந்தபடியே 2016ல் சிட்டிங் செனட்டர் கெல்லி அயோட்டை எதிர்த்து நின்று, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் வெறும் 1,017 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற அயோட் என்ன ஆனார் என்கிறீர்களா? 2024ல் நின்று ஜெயித்து, 2025 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரின் கவர்னராகப் பதவியேற்றார். ஹாசனின் செனட் பதவிக்கு அடுத்த தேர்தல் 2028 நவம்பரில்.